ரசீதுப் பூக்கள்

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது
என்பது வீட்டுக்காரரின் முதலாவது சட்டம்.
மீன் கழுவின தண்ணியை முற்றத்தில் ஊற்றக் கூடாது
என்பது இரண்டாவது.
மூன்றாவதைச் சொல்ல முன்னம்
அவருக்கு ஃபோன் வந்துவிட்டது.

கல்லடியில், பாலத்துக்கு இங்கால, ஒன்றரை அறை.
அந்த அரைக்குள் நானும் தையல் மெசினும்.
வெள்ளைச் சுவர்கள் நாலும்
ஆஸ்பத்திரி மாதிரி என்னைப் பார்த்தன.

காத்தான்குடியில்
ஆதம்லெவ்வைக் காக்காவின் பழைய சாமான் கடை.
செத்த ஃபேன்கள், மூடியில்லாத கேத்தல்கள்,
கட்டாருக்குப் போனவர்கள் விட்டுப்போன
அலுமாரியின் ஒற்றைக் கதவு.
அதற்குப் பின்னால் மூன்று பூச்சாடிகள்.
நீலச்சாடிக்கு வாய் உடைந்திருந்தது.
வயிறு பெருத்த சீனச்சாடியில்
தலையில்லாமல் ஒரு ட்ராகன் பறந்தது.
கண்ணாடிச்சாடியின் அடியில்
எந்தத் தேசிக்காய்க்கும் போகாத வெள்ளை வளையம்.

“மூண்டும் அறுநூறு.”
“காக்கா, இதுல தண்ணி நிக்காது.”
“கடுதாசிப் பூவுக்கு என்னத்துக்குப் புள்ள தண்ணி?”
நான் கடுதாசி என்று சொல்லவே இல்லை.
அசல் பூ வாங்கும் முகம் இல்லைப்போல எனக்கு.
நானூற்றைம்பதுக்கு முடிந்தது.
பஸ்ஸில் மூன்றையும் மடியில் வைத்திருந்தேன்.
கொண்டக்டர் ஒரு டிக்கட்தான் கிழித்தார்.

வீட்டில் கவிழ்த்துத் தட்ட
நீலச்சாடிக்குள் இருந்து ஒரு கைப்பிடி கடல்மண்.
எந்த வீட்டில் இருந்தது, எந்தக் கரையில் அள்ளியது,
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.
மறுகா நினைத்தேன், பாரத்துக்குப் போட்டிருப்பார்கள்.
சாடி சரியாமல் நிற்க வேணுமே.
கழுவிக் காயவைத்து
நானும் அதையே திருப்பிப் போட்டேன்.

கோதுமை மாப் பசை,
கரப்பான் தின்னாமல் ஒரு சிட்டிகை துத்தம்.
சாயத்துக்கு மஞ்சள், பீட்ரூட், உடுப்புக்குப் போடும் நீலம்,
ஊறி ஓய்ந்த தேயிலைச் சாறு.
கடுதாசிக்கு என்னிடம் பஞ்சம் வந்ததே இல்லை.
கரண்ட் பில். யாரோ ஒருவரின் கலியாணக் காட்.
போன தேர்தலின் துண்டுப்பிரசுரம்:
ஒரு வேட்பாளரின் சிரிப்பு
செவ்வரத்தையின் ஐந்து இதழுக்குச் சரியாக வந்தது.
மிச்சம் முழுக்க
கிழமைக் கிழமை லோன் கட்டின ரசீதுகள்,
எழுபத்திமூன்று.
மெல்லிய மஞ்சள் தாள், மடிக்க மடிக்கச் சொல்வழி கேட்கும்.
ஈர்க்கில் தண்டு. தையல் நூல் கட்டு.
இரவு இரண்டு மணிக்குச் சீனச்சாடி பூத்தது.
ட்ராகனுக்கும் ஒரு தலை கிடைத்தது, கொன்றை நிறத்தில்.

செவ்வாய்க்கிழமை லோன்காரத் தம்பி வந்தார்.
டிலோஜன் என்று பெயர். கெட்ட பிள்ளை இல்லை,
கெட்ட வேலை.
கதிரையில் இருந்தவர் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவில்லை.
“அக்கா, இது எங்க எடுத்த நீங்க? நல்ல வடிவா இருக்கு.”
எழும்பிப் போய் ஃபோனில் படம் பிடித்தார்.
குனிந்து, இன்னும் குனிந்து
ஒரு இதழில் நின்றுவிட்டார்.
அவருடைய கையெழுத்து.
அதற்கு மேல் இதழில் ‘தாமதக் கட்டணம்’,
பீட்ரூட் நிறத்தில்.

ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும்.
கோபிப்பார் என்று நினைத்தேன். காது சிவந்தது.
“ரசீதுகளைப் பத்திரமா வைக்கச் சொன்னதுதானே, அக்கா.”
“பத்திரமாத்தானே தம்பி வெச்சிருக்கன்.”
சிரிப்பு முதலில் யாருக்கு வந்ததென்று தெரியாது.

ஆவணியில் அவருக்குக் கலியாணமாம்.
மண்டப மேசைகளுக்குப் பன்னிரண்டு கேட்டார்.
ஒன்று எழுநூற்றைம்பது என்றேன்,
சொன்ன பிறகுதான் எனக்கே பயமாக இருந்தது.
அவர் பேரம் பேசவில்லை.
அட்வான்ஸ் தந்தார்.
அதில் இந்தக் கிழமைக் காசைக் கழித்துக்கொண்டு
ரசீதும் எழுதினார், மெதுவாக,
வழமையைவிட வடிவான கையெழுத்தில்.

காக்காவிடம் இன்னும் ஒன்பது சாடி இருக்குமோ தெரியாது.
மழை இருட்டுகிறது.
ஈரக்காற்றுக்குப் பூக்கள் கொஞ்சம் தலை சாய்க்கின்றன,
அசல் பூக்கள் மாதிரியே.
யன்னலைச் சாத்திவிட்டு
மஞ்சள் தாளை நாலாக மடிக்கிறேன்.